ஃபியூஸ் கட்டை வந்த வழி

கரண்ட் பில் கட்டாத வீட்டைப் பற்றி, "ஃபியூஸைப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க" என்போம். லைன்மேன் கையோடு எடுத்துப் போவது ஒரு வெள்ளைப் பீங்கான் கட்டை. ஃபியூஸ் கேரியர் என்று கடையில் கேட்டு வாங்கும் அந்தக் கட்டைகளில் பல, விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் வெந்து வந்தவை.

விருத்தாசலத்துக்குப் பீங்கான் தொழில் வந்ததற்கு, பக்கத்தில் இருக்கும் நெய்வேலி ஒரு காரணம். அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேல் படிந்திருக்கும் மண்ணில் வெள்ளைக் களிமண்ணும் உண்டு. கரி மின்சாரமாகிறது, களிமண் அந்த மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் பீங்கானாகிறது. ஒரே குழியிலிருந்து இரண்டும் வருவது எனக்கு இன்றும் வியப்புதான்.

களிமண்ணோடு குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்த்து அரைத்து, அச்சில் அழுத்தி, காயவைத்துச் சூளையில் ஏற்றுகிறார்கள். 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் ஃபெல்ட்ஸ்பார் கண்ணாடிபோல் உருகி நுண்துளைகளை அடைக்கிறது. துளை குறையக் குறையக் கட்டையின் வலு கூடுகிறது, உருவமோ சுருங்குகிறது. அதனால் அச்சைப் பெரிதாகவே வெட்டுவார்கள். துளை மிஞ்சினால் ஈரம் ஏறும். ஈரம் ஏறினால் தொடுகிறவர் கைக்கு ஆபத்து.

வீட்டுக்கு வந்த கட்டையில் ஒரு மெல்லிய கம்பியைச் சுற்றுகிறோம். பள்ளியில் எதிர் மாறல் என்று படித்த கணக்கு அங்கேதான் உயிரோடு இருக்கிறது. மின்னோட்டம் கூடக் கூடக் கம்பி உருகும் நேரம் குறையும். அளவுக்கு மீறிப் பாயும் மின்னோட்டம் இன்னும் இரண்டு மடங்கானால், நேரம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடும். கிரைண்டரைக் கொஞ்சம் கூடுதல் சுமையோடு ஓட்டினால் பொறுத்துப் பார்க்கும்; ஒயர்கள் உரசிக்கொண்டாலோ கண் இமைப்பதற்குள் அறுந்துவிடும்.

இந்தக் கணக்கை நாமே பல வீடுகளில் கெடுத்திருக்கிறோம். அடிக்கடி ஃபியூஸ் போகிறதென்று, "இனிமே போகவே போகாது" எனத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றுவார்கள். விட்டம் இரட்டிப்பானால் கம்பியின் தடை நான்கில் ஒன்றாகிவிடும். கம்பி சூடேறாது, அறுந்துபோகாது. அதற்குப் பதிலாகச் சுவருக்குள் ஓடும் ஒயர் வேகும். அப்படிச் சுற்றிய கட்டை உங்கள் வீட்டில் இருந்தால் மெயினை அணைத்துவிட்டு, சரியான அளவுக் கம்பியை இன்றே மாற்றச் சொல்லுங்கள்.

புது வீடுகளில் எம்.சி.பி. என்னும் தானாக அணையும் சுவிட்ச் வந்துவிட்டது. அதற்குள்ளும் இரட்டை உலோகப் பட்டை ஒன்று, மின்னோட்டம் மிகும் அளவுக்குச் சீக்கிரமாக வளைந்து இணைப்பைத் துண்டிக்கிறது. ஃபியூஸ் கட்டைக்கு அங்கே வேலை குறைந்துவிட்டது. ஆனால் விருத்தாசலத்துச் சூளைகளுக்கு அது மட்டுமே வேலையல்ல; அங்கிருந்து பொம்மைகளும் வருகின்றன, கார்த்திகைக்கு ஏற்றும் அகல் விளக்குகளும் வருகின்றன.