வில் வண்டியிலிருந்து நுரை மெத்தை வரை

நெல்லித்தோப்பில் காலை ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்குப் புறப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தூரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மரக்காணத்து உப்பளங்களைக் கடக்கும் வரையில் உங்களுக்கு இருக்கையின் நினைவே வராது. கல்பாக்கத்தை நெருங்கும்போது சற்று முன்னே நகர்வீர்கள். பிறகு பின்னே நகர்வீர்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்ப்பீர்கள். மாமல்லபுரத்தில் வண்டியை நிறுத்துவது தேநீருக்காக மட்டுமன்று என்பது உங்களுக்கே தெரியும்.

காலையில் மெத்தென்று இருந்த அதே இருக்கை, இரண்டு மணி நேரத்தில் கல்லாக மாறியது எப்படி? இருக்கை மாறவில்லை. அதன்மேல் இருந்த உடம்புதான் மாறியிருக்கிறது. இதை மனிதன் புரிந்துகொள்ள எடுத்துக்கொண்ட காலம் சற்று நீண்டது. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

நம் முன்னோர் மாட்டு வண்டியில் போனார்கள். மரச் சக்கரம், அதன்மேல் இரும்புப் பட்டை, மரத்தாலான அச்சு. இவற்றில் எதுவும் வளைந்து கொடுக்காது. ஆகவே வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்தார்கள். வசதியுள்ளவர்கள் வில் வண்டி வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைக் கவனியுங்கள். அச்சுக்கும் வண்டிக்கும் இடையே எஃகுப் பட்டைகளை வில் போல் வளைத்து அடுக்கியிருப்பார்கள். பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் அதிர்ச்சியை வில் வாங்கிக்கொள்ளும். ஆக, இரண்டு வழிகள் அப்போதே தெரிந்திருந்தன: உட்காரும் இடத்தை மெத்தையாக்குவது ஒன்று, வண்டியையே வில்லின்மேல் நிறுத்துவது மற்றொன்று. மோட்டார் சைக்கிள் இருக்கையின் வரலாறு முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையே நடந்த ஊசலாட்டமே எனலாம்.

புதுச்சேரிக்கு இதில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கே 'பூஸ்-பூஸ்' என்ற வண்டி ஓடியது. 'தள்ளு, தள்ளு' என்பது அதன் பொருள். பயணி நாற்காலி போன்ற ஆசனத்தில் அமர்ந்து, முன்னே உள்ள கம்பியால் தானே திசை திருப்புவார். ஆட்கள் பின்னாலிருந்து தள்ளுவார்கள். உட்கார்ந்தவரின் சுகத்தை மட்டும் எண்ணிச் செய்த வண்டி அது. தள்ளியவரின் முதுகைப் பற்றி யாரும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. அது போகட்டும்.

ஐரோப்பாவில் 1860-களில் பாரிஸ் நகரத்து மிஷோ என்பவரின் பெயரால் வழங்கிய மிதிவண்டி பரவியது. இரும்புப் பட்டை போட்ட அதன் மரச் சக்கரங்கள் கல் பாவிய தெருக்களில் உருண்டபோது, ஆங்கிலேயர் அதற்கு 'எலும்பு குலுக்கி' என்று பெயர் வைத்தார்கள். அதன் சேணம் நீளமான ஓர் எஃகு வில்லின்மேல் பொருத்தப்பட்டிருந்தும் இந்தப் பெயர்தான் கிடைத்தது! பர்மிங்காமில் குதிரைகளுக்குத் தோல் சேணம் செய்துவந்த ஜான் பூல்ட்பீ புரூக்ஸ் என்பவர், 1882-இல் மிதிவண்டிச் சேணம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். தடித்த தோலை ஒரு சட்டத்தில் முன்னும் பின்னுமாக இழுத்துக் கட்டித் தொட்டில் போல் தொங்கவிடும் முறை அவருடையது. நாளடைவில் அந்தத் தோல், உட்காருபவரின் எலும்பு அமைப்புக்கு ஏற்பத் தானே குழிந்துவிடும். மெத்தை கிடையாது, பஞ்சு கிடையாது. ஆனாலும் பழகிய தோல் சேணத்தை விட மனம் வராத மிதிவண்டிக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். இதன் காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

1885-இல் ஜெர்மனியில் கோட்லீப் டைம்லர், பெட்ரோல் எந்திரத்தை ஒரு மரச் சட்டத்தில் பொருத்தி ஓடவிட்டார். உலகின் முதல் மோட்டார் சைக்கிள் என்று இதனையே பலரும் குறிப்பிடுவர். எந்திரம் இருக்கைக்கு நேர் கீழே இருந்தது. எரிபொருளைப் பற்றவைக்கும் சூடான குழாயும் அங்கேதான். டைம்லரின் மகன் அதை ஓட்டிச் சென்றபோது இருக்கை தீப்பிடித்துக்கொண்டது! இருக்கை வசதிக் குறைவு பற்றிய முதல் புகார் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்த பெரிய உதவி இருக்கையிலிருந்து வரவில்லை, சக்கரத்திலிருந்து வந்தது. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், காற்றடைத்த டயரைச் செய்தார். சிறு கற்களின் அதிர்ச்சியை டயரே விழுங்கிவிட்டது. ஆனால் பெரிய பள்ளங்கள் மிச்சம் இருந்தன. ஏறத்தாழ இரண்டாம் உலகப் போர் வரையில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் பின் சக்கரம் சட்டத்தோடு அசையாமல் பூட்டப்பட்டிருந்தது. பின்புறத்தில் இருந்த ஒரே வில் எது தெரியுமா? இருக்கைக்குக் கீழே இருந்த இரண்டு சுருள்வில்கள்தாம். வண்டி முழுவதும் சாலையோடு சேர்ந்து குதிக்கும். ஓட்டுபவர் மட்டும் தம் சுருள்வில்லின்மேல் தனியாக மிதப்பார்.

போருக்குப் பின் நிலைமை மாறியது. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1948-49-இல் கொண்டுவந்த புல்லட் வண்டியில், பின் சக்கரம் கீல் போட்ட ஊசல் கையில் பொருத்தப்பட்டது. சக்கரம் தனியே மேலும் கீழும் ஆடும். சட்டம் அமைதியாக இருக்கும். இந்திய இராணுவம் இந்த 350 சி.சி. வண்டிகளை வாங்க முன்வந்ததை ஒட்டி, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியுடன் கூட்டு ஏற்பட்டு, சென்னையை அடுத்த திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. தனி இருக்கையும் அதன் கீழே இரண்டு பெரிய சுருள்வில்லும் கொண்ட பழைய புல்லட்டுகளை நீங்களும் பார்த்திருக்கலாம்.

சக்கரத்துக்கே வில் வந்துவிட்டதால், இருக்கைக்குக் கீழே வில் எதற்கு என்று பொறியாளர்கள் நினைத்தார்கள். இருவர் அமரக்கூடிய நீண்ட, தட்டையான இருக்கை வந்தது. அதற்குள் வைக்க நுரையும் தயாராக இருந்தது. 1929-இல் டன்லப் கம்பெனியின் வேதியியலார், முட்டையை அடிப்பது போல் ரப்பர் பாலை அடித்து நுரையாக்கி, அந்த நுரையை அப்படியே உறையவைக்கும் முறையைக் கண்டிருந்தார்கள். 1937-இல் ஜெர்மனியில் ஒட்டோ பேயர் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளை உருவாக்கினார். 1950-களில் அதிலிருந்து மலிவான மென்னுரை பெருமளவில் கிடைத்தது. குஷன் கடையில் 'ஸ்பாஞ்சு' என்று கேட்டால் இன்று கொடுப்பது பெரும்பாலும் இதுதான்.

நீண்ட இருக்கையால் நமக்குக் கிடைத்த நன்மை பெரியது. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50, இருவர் செல்லத்தக்க மொபெட்டாக வந்ததால்தானே சிறு குடும்பங்களும் பால்காரர்களும் காய்கறி வியாபாரிகளும் வண்டி வாங்கினார்கள்? ஆனால் தனியே நெடுந்தூரம் ஓட்டுபவரைப் பொறுத்தவரை அது ஒரு படி பின்னடைவு என்றே கூறுவேன். தம் உடலமைப்புக்கு இசைந்த சேணம் போய், எல்லாருக்கும் பொதுவான ஒரு பலகை வந்தது.

இனி, அந்த இரண்டு மணி நேரத்தில் நடப்பது என்ன என்று பார்ப்போம். அதற்குப் புதுச்சேரியிலிருந்து வேலூர் போக வேண்டும்.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்டு என்ற அறுவை மருத்துவர், 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் பாதங்கள் ஏன் புண்ணாகின்றன என்பதை அவர் ஆராய்ந்தார். நோயே சதையைத் தின்கிறது என்று அதுவரை பலரும் நம்பினார்கள். அப்படியன்று என்று அவர் கண்டார். நோய் நரம்பைக் கெடுக்கிறது, வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் நோயாளி ஒரே இடத்தில் அழுத்தம் விழும்படி நடந்துகொண்டே இருக்கிறார், சதை சிதைகிறது. வேலூரிலும் அருகிலுள்ள காரிகிரியிலும் இவர்களுக்காக நுண்ணறை ரப்பரால் மென்மையான செருப்புகள் செய்யப்பட்டன. அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பிவிடுவதே அதன் வேலை. 1966-இல் அமெரிக்காவுக்குச் சென்ற பிறகும் அவர் இந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். ஒரே ஒரு பெரிய அடி மட்டுமன்று, மிதமான அழுத்தமும் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழுந்தால் சதை வீங்கிப் புண்ணாகும் என்று அவர் காட்டினார்.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966-இல் அங்கே திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவருடைய முயற்சியின் பயன். தண்டுவடம் பாதித்தவர்களுக்கு இத்தகைய நிலையங்களில் முதலில் கற்றுத்தரும் பாடங்களில் ஒன்று, கைகளை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கிக்கொள்வது. ஏன் தெரியுமா? ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

உங்கள் எடை 60 கிலோ. கால்களும் கைகளும் கால் பங்கைத் தாங்கினால், இருக்கையின்மேல் விழுவது 45 கிலோ. குறுகிய இருக்கையில் உடம்பு தொடும் பரப்பு 300 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், சராசரி அழுத்தம் ஏறத்தாழ 110 மி.மீ. பாதரச அளவு. பரப்பை இரண்டு மடங்காக்கினால் 55. ஆனால் நம் தோலுக்கு இரத்தத்தைக் கொண்டுசேர்க்கும் மெல்லிய தந்துகிக் குழாய்களுக்குள் உள்ள அழுத்தம் எவ்வளவு? 1930-இல் யூஜின் லாண்டிஸ் அளந்து கண்டது 32 மி.மீ. அளவே! வெளி அழுத்தம் முழுவதும் அப்படியே தந்துகிகளை நசுக்குவதில்லை. சதையும் கொழுப்பும் அதில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். ஆயினும் எந்த இருக்கையில் அமர்ந்தாலும் சில இடங்களில், குறிப்பாக இடுப்பெலும்பின் இரண்டு அடி முனைகளின் கீழே, இரத்த ஓட்டம் குறைவது உறுதி. அங்கே கழிவுகள் தேங்குகின்றன, நரம்பு முறையிடுகிறது. கல்பாக்கத்தில் நீங்கள் நெளிந்தது அந்த முறையீட்டைக் கேட்டுத்தான்.

இப்போது புரூக்ஸின் தோல் சேணத்துக்கு வருவோம். அது மென்மையானது அன்று. ஆனால் எலும்பு முனைகளின் வடிவுக்குக் குழிந்து பரப்பைக் கூட்டியது. மிக மென்மையான நுரையோ இதற்கு நேர்மாறு. எலும்பு முனை நுரையை முழுவதும் அமுக்கி அடித்தகட்டைத் தொட்டுவிடும். கடையில் விரலால் அமுக்கி, 'ஆகா, பஞ்சு போல இருக்கிறதே' என்று வாங்குவது இதனால்தான் ஏமாற்றம் தருகிறது. விரல் அமுக்குவது ஒரு விநாடி. நீங்கள் அமரப்போவது மூன்று மணி நேரம் அல்லவா?

அழுத்தம் ஒரு பாதிதான். மறுபாதி அதிர்வு. மனித உடம்பு மேலும் கீழுமாக விநாடிக்கு 4 முதல் 8 தடவை குலுங்குவதைத்தான் மிகவும் பொறுக்க மாட்டாது. 1974-இல் அனைத்துலகத் தர நிறுவனம் வெளியிட்ட அதிர்வுத் தரமும் இந்த எல்லையையே குறிப்பிட்டது. வயிறும் முதுகுத்தண்டும் இந்த அளவில் ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளினாற்போல் ஒத்ததிரத் தொடங்குகின்றன. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சாலையில் 3.3 மீட்டருக்கு ஒரு மேடு இருந்தால், விநாடிக்கு 5 குலுக்கல் கிடைத்துவிடும். நம் சாலைகளில் இதற்குப் பஞ்சமில்லை.

ஒரு வில்லின்மேல் பாரத்தை வைத்தால் அது எவ்வளவு தாழ்கிறதோ, அதைக் கொண்டே அதன் இயல்பான அதிர்வெண்ணைக் கணக்கிடலாம். நீங்கள் அமரும்போது இருக்கை 1 சென்டிமீட்டர் தாழ்ந்தால், அதிர்வெண் விநாடிக்கு 5. இது உடம்பின் பலவீனமான இடத்திலேயே விழுகிறது. குலுக்கலைத் தணிப்பதற்கு மாறாகப் பெருக்கிவிடும். பழைய புல்லட்டின் சுருள்வில் இருக்கை 5 சென்டிமீட்டர் தாழ்ந்தால், அதிர்வெண் ஏறக்குறைய 2.2 ஆகிறது. அப்போது விநாடிக்கு மூன்றுக்கு மேற்பட்ட குலுக்கல்களை அது தணித்துவிடும். நுரை, சுருள்வில்லைப் போல் ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. ஆயினும் கணக்கு வழியைக் காட்டுகிறது. தாத்தாவின் புல்லட்டில் அலுப்புத் தெரியவில்லை என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பழம்பெருமை அன்று. எந்திரத்தின் அதிர்வு வேறு: நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் விநாடிக்கு 50. அதைச் சாதாரண நுரையே தடுத்துவிடும். கைப்பிடி வழியாக வந்து விரல்களை மரத்துப்போகச் செய்வதை அதனால் தடுக்க முடியாது.

புதுச்சேரிக் காற்றின் ஈரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரெக்சின் உறை வியர்வையை விடாது. ஊறிய தோல் எளிதில் உராய்ந்து சிவக்கும். தேங்காய் நாரை ரப்பர் பாலில் நனைத்துச் செய்த விரிப்பு இங்கே நுரையைவிடத் தேவலை, காற்று உள்ளே புகும். ஒன்றும் இல்லையென்றால் ஒரு பருத்தித் துண்டு போதும். ஆனால் வழுக்காதபடி கட்டுங்கள். காற்றடைத்த மெத்தை வாங்குபவர்கள் அதைப் பாதிதான் ஊத வேண்டும். அப்போதுதான் உள்ளிருக்கும் காற்று எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தி, பரப்பைக் கூட்டும். முழுக்க ஊதினால் பந்தின்மேல் உட்கார்ந்த கதைதான்.

குஷன் கடைக்குப் போகிறீர்களா? அடியில் கெட்டியான நுரையும் மேலே இரண்டு விரல் கனத்துக்கு மென்மையான நுரையும் வைக்கச் சொல்லுங்கள். பின்பகுதி அகலமாகவும் மட்டமாகவும் இருக்கட்டும். முன்பக்கம் சரிந்திருந்தால் நீங்கள் பெட்ரோல் டாங்கை நோக்கி வழுக்கிக்கொண்டே போவீர்கள், தொடை நடுவே உள்ள நரம்பு நசுங்கி மரத்துப்போகும். இவ்வளவும் செய்த பிறகும், முக்கால் மணிக்கு ஒரு முறை கால்தாங்கியில் ஊன்றிச் சற்று எழுந்து அமருங்கள். நெரிசல் இல்லாத நேரான சாலையில் மட்டும். வேலூரில் கைகளை ஊன்றிச் செய்வதை நீங்கள் கால்களை ஊன்றிச் செய்கிறீர்கள். அல்லது இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள்.

பின்னால் அமர்ந்து வருபவரைப் பற்றி இதுவரை பேசவில்லை. சேலை உடுத்திய பெண்கள் பலர் ஒரு பக்கமாகத் திரும்பியே அமர்கிறார்கள். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் பின்னால் அமர்பவருக்காகக் கைப்பிடியும் கால்தாங்கியும் துணி சிக்காமல் சக்கரத்தை மறைக்கும் தடுப்பும் கேட்கின்றன. ஆனால் அவர் அமரும் இருக்கை, காலை இரு பக்கமும் போட்டு அமர்பவருக்காக வெட்டப்பட்டது. அவருடைய எடையில் பெரும்பங்கு ஒரு பக்கத்து எலும்பின்மேல் விழுகிறது. இடுப்பு ஒரு திசையிலும் தோள் மறு திசையிலும் திரும்பியிருக்கின்றன. மேலே போட்ட கணக்கில் 300 சதுர சென்டிமீட்டர் என்றோமே, அதை அவருக்கு ஏறத்தாழப் பாதியாக்கிப் பாருங்கள். அவர் ஊன்றி எழவும் முடியாது. எனவே வண்டியை எப்போது நிறுத்துவது என்பதை அவரிடம் கேட்டு நிறுத்துங்கள்.