சூரியப் பேனல் வரிசையை இன்வெர்ட்டருக்குப் பொருத்துதல்

மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் இன்வெர்ட்டருக்கு எத்தனை பேனல்களைத் தொடராக இணைக்கலாம், மொத்தம் எத்தனை கிலோவாட் ஏற்றலாம் என்று கணிக்கும் முறை. வாட்டுக்கு முன்னால் வோல்ட்டைப் பார்க்க வேண்டும். பேனலின் பின்புறம் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள திறந்தசுற்று மின்னழுத்தம் 25 டிகிரி செல்சியஸுக்கானது. குளிர்ந்தால் அது கூடும். 49.5 வோல்ட் பேனல்கள் 12-ஐத் தொடராகக் கோத்தால் 594 வோல்ட். 600 வோல்ட் வரம்புள்ள இன்வெர்ட்டருக்குப் பொருந்துவதாகவே தோன்றும். ஆனால் டிகிரிக்கு 0.27 விழுக்காடு வீதம் ஏறி, உதகையின் உறைபனிக் காலையில், பூஜ்ஜிய டிகிரியில், அது சுமார் 634 வோல்ட்டைத் தொடும், இன்வெர்ட்டர் பழுதாகலாம். அங்கே 11 பேனலோடு நிறுத்துவதே முறை.

வெயிலில் நிலைமை நேர்மாறு. மொட்டைமாடியில் பேனல் 65 டிகிரிக்குச் சூடேறும்போது மின்னழுத்தமும் திறனும் இறங்கும். பேனல்கள் குறைவாக இருந்தால் இன்வெர்ட்டர் வேலை செய்யும் மின்னழுத்த எல்லைக்குக் கீழே போய்விடும். சூடும் தூசும் திறனைத் தின்பதால், 5 கிலோவாட் இன்வெர்ட்டருக்கு 6 கிலோவாட் வரைகூடப் பேனல் போடுவதுண்டு. உச்சி வெயிலில் மிஞ்சுவது வெட்டுப்படும். காலை மாலைகளில் கூடுதலாகக் கிடைக்கும் மின்சாரம் அந்த இழப்பைப் பெரும்பாலும் விஞ்சிவிடும். வரிசைகளை இணையாகச் சேர்க்கும்போது குறுக்குச்சுற்று மின்னோட்ட வரம்பையும் சரிபார்க்க வேண்டும்.