ஐந்து காயங்களின் கேடயம்

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில், 1586ஆம் ஆண்டு, ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் அடிகளார் ‘அடியார் வரலாறு’ எனப்படும் தமிழ் நூலை அச்சேற்றியதை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். அவரை இக்கரைக்குக் கொணர்ந்த கடல்வழியே வந்த மற்றொன்றை நாம் அவ்வளவாகக் கவனித்ததில்லை. அது போர்த்துக்கல் அரசின் கேடயச் சின்னம்.

கயல் பொறித்த பாண்டிய முத்திரையைக் கண்ட மண்ணுக்குச் சின்னம் புதிதன்று. ஆனால் கயல் பார்த்தவுடன் விளங்கும். இந்தக் கேடயத்தையோ எண்ணிப் படிக்கவேண்டும். வெள்ளிப் பரப்பில் ஐந்து சிறு நீலக் கேடயங்கள் சிலுவை வடிவில் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஐந்து வெள்ளிப் புள்ளிகள். சுற்றிலும் செந்நிற விளிம்பில் பொற்கோட்டைகள். 1139இல் ஊரிக் போருக்குமுன் ஆண்டவர் அபோன்சோ ஹென்ரிக்கசுக்குக் காட்சியளித்தார் என்றும், அவர்தம் திருக்காயங்களே இந்த ஐந்து என்றும் மரபு கூறும். நடுக் கேடயத்தை இருமுறை எண்ணினால் புள்ளிகள் முப்பது; அவை யூதாசு பெற்ற வெள்ளிக்காசுகளாம். 1572இல் வெளிவந்த கமோன்சின் காவியத்திலும் இக்கணக்கு உண்டு. ஆயினும் பழைய முத்திரைகளில் ஒவ்வொரு சிறு கேடயத்திலும் ஐந்தினும் மிகுதியான புள்ளிகளைக் காண்கிறோம். வடிவம் முந்தியது, விளக்கம் பிந்தியது எனக் கொள்வதே பொருத்தம்.

மறுமலர்ச்சிக் காலத்து மரச்செதுக்குப் படங்களுக்குப் பெரும்பாலும் கறுப்பு மை ஒன்றே துணை. நூல் முகப்பில் அரச கேடயம் அச்சானபோது, தூரிகை கொண்டு தீட்டினாலன்றி, நீலமும் சிவப்பும் மறைந்தன. பின்னர், 1638இல் உரோமையில் இயேசு சபைக் குரு சில்வெஸ்தர் பெத்ரா சாங்தா வெளியிட்ட நூல் இதற்கோர் ஒழுங்கைப் பரவச் செய்தது. கிடைக்கோடு என்றால் நீலம், செங்குத்துக்கோடு சிவப்பு, புள்ளியிட்டால் பொன், வெறுமையாக விட்டால் வெள்ளி. நிறமில்லாமலே நிறத்தை எழுதிய இவ்வறிவு வியப்புக்குரியது.

என்னை உறுத்துவது வேறொன்று. முத்துக்குளித்துறைப் பரதவர் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்றபோது, இக்கேடயத்தின் பாதுகாப்பையும் நாடினர். முத்துக்குளிப்பில் திறை தண்டியதும் இதே கேடயத்தின் பெயராலேதான். சிலுவையில் தம்மையே கையளித்தவரின் காயங்கள், தண்டுபவன் கையில் முத்திரையாயின. குற்றம் காயங்களுடையதன்று, ஆனால் அன்று கரையில் நின்று அதைக் கண்ட மீனவன் இரண்டையும் எப்படிப் பிரித்தறிந்திருப்பான்?

இன்றும் அக்கேடயம் போர்த்துக்கல் நாட்டுக் கொடியில் உள்ளது. மறைக்கல்வி வகுப்பில் அதன் படத்தைக் காட்டி, முப்பது வெள்ளிக்காசுகளைப் பற்றிச் சொன்னேன். முன்வரிசையிலிருந்த சிறுவன் ஒருவன் விரல்விட்டு எண்ணிவிட்டு நிமிர்ந்தான்.

“இருபத்தஞ்சுதான வருது, சாமி?”