தாய்வீடும் தாய்ப்பாலும்

கிழக்கிலங்கையின் கரையோரமாக, மேற்கே வயலும் கிழக்கே கடலும் எல்லையாக, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம் ஊர்கள் நிரைநிரையாக அமைந்துள்ளன. 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்படும் வரை இவ்வூர்கள் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தனவாயிருந்தன. இப்பகுதியில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம் ஒன்றுண்டு. மகளுக்கு மணம் முடிக்கும் பெற்றோர் அவளுக்கு ஒரு வீட்டையும் சீதனமாகக் கொடுப்பர்; மணமகன் அவ்வீட்டிற் சென்று வாழ்வான். இவ்வழக்கம் அயலிலுள்ள தமிழரிடையேயும் உண்டு. 1969ஆம் ஆண்டு முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே இதனை விரிவாக எழுதியுள்ளார்.

சீதனத்தைப் பற்றிய நன்மை தீமைகள் வேறு. ஆயினும் பிள்ளைப்பேற்றைப் பொறுத்தவரை இவ்வழக்கத்தினால் விளைந்த பயன் ஒன்று உண்டு. முதற் குழந்தையைப் பெற்ற இளந்தாய் அந்நியர் நடுவே இருப்பதில்லை. பெற்ற உம்மா பக்கத்தில். மூத்தம்மா அடுத்த வளவில். மணமான சகோதரி கூப்பிடு தூரத்தில். நாற்பது நாளும் அவளுக்குச் சமையலில்லை, கூட்டுதல் பெருக்குதல் இல்லை. சரக்கரைத்த கறியும் உள்ளியும் மீனும் அவள் இருக்குமிடம் தேடி வரும். குழந்தைக்குப் பாலூட்டுவதொன்றே அவள் கடமை.

பாலூட்டுதல் தானாக வருவதென்று பலர் எண்ணுவர். ஆனால் பிரசவமாகி இரண்டு மூன்று நாட்களில் பால் திரண்டு வரும்போது, இரத்தமும் நிணநீரும் மிகுதியாக மார்பகத்திற் பாய்கின்றன. மார்பு கல்லெனக் கனத்து வலிக்கும், தோல் மினுங்கும், முலைக்காம்பைச் சூழ்ந்த பகுதி இறுகிவிடுவதனால் குழந்தையால் வாய் நிறையப் பற்ற இயலாது. குழந்தை அழும், தாயும் அழுவாள். பால்கட்டு என்று மக்கள் கூறுவது இதனையே. மார்பு நிறையப் பால் இருந்தும், "பிள்ளைக்குப் பால் போதவில்லை" என்ற பேச்சு முதன்முதல் எழுவது இவ்வேளையிலேதான். பால்மாப் பேணி வீட்டினுள் நுழைவதும் பெரும்பாலும் இவ்வேளையிலேயே.

மேனாட்டு மருத்துவமும் இவ்விடயத்தில் ஒரு காலத்திலே தடுமாறிற்று. நியூசிலாந்தைச் சேர்ந்த ட்ரூபி கிங் என்னும் மருத்துவரின் போதனை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பெருஞ் செல்வாக்குப் பெற்றிருந்தது. நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறையே பாலூட்ட வேண்டும், இரவிற் கொடுத்தலாகாது என்பது அவர் விதித்த ஒழுங்கு. கடிகாரத்துக்குப் பணிந்த தாயின் மார்பிற் பால் தேங்கிற்று. இலண்டனின் வூலிச் பகுதியிற் பணியாற்றிய ஹரல்ட் வாலர், பால் தேங்கி மார்பு இறுகுவதே தாய்மார் பலர் பாலூட்டலை விரைவிற் கைவிடக் காரணமென 1946இல் எடுத்துக்காட்டினார். 1952இல் ஷெஃபீல்டில் இல்லிங்வேர்த்தும் ஸ்டோனும் குழந்தை கேட்டபோதெல்லாம் ஊட்டும் முறையைச் சோதித்தனர். அவ்வாறு ஊட்டிய தாய்மாரிடையே பால்கட்டும் காம்புப் புண்ணும் குறைந்தே காணப்பட்டன. அழுதவுடன் பிள்ளையை மார்பிலிடு என்று கல்முனையின் மூத்தம்மாமார் சொல்லிவந்ததை, ஆய்வுகூடம் சுற்றுவழியால் வந்தடைந்தது எனலாம்.

எனினும் முன்னோர் வழக்கம் யாவும் சரியென்று கொள்வதற்கில்லை. முதலில் ஊறும் சீம்பாலைப் பீய்ச்சிக் கழித்துவிட்டு, அதற்கு ஈடாகத் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுக்கும் வழக்கம் தென்னாசியாவெங்கும் காணப்பட்டது. நோயெதிர்க்கும் ஆற்றல் செறிந்த சீம்பாலை இழப்பது குழந்தைக்குக் கேடு. தொடக்கத்திலேயே குழந்தை பால் குடிக்காதிருப்பது பால்கட்டுக்கும் இடமளிக்கும்.

பால் சுரப்பதன் விதி எளியது: எடுக்க எடுக்க ஊறும்; தேங்கத் தேங்கக் குறையும். மூளையடிச் சுரப்பியிலிருந்து வரும் புரோலக்டின் பாலை உண்டாக்குகிறது. ஒக்சிற்றோசின் அதனை வெளித்தள்ளுகிறது. வெளியேறாத பால் மார்பகத்தினுள்ளேயே சுரப்பை அடக்குகின்றது. ஆதலின் பால்கட்டுக்கு முதன் மருந்து குழந்தையின் வாயே. ஊட்டுமுன் கையினாற் சிறிது பீய்ச்சி, காம்பைச் சூழ்ந்த இடத்தை இளக்கிக் கொடுத்தால் குழந்தை நன்கு பற்றும். ஊட்டிய பின் குளிர்ந்த துணியை இடுவது வீக்கத்தைத் தணிக்கும். வன்மையாக அழுத்திப் பிசைவது தீங்கு. தேவைக்கு மிஞ்சிப் பீய்ச்சினாலோ பால் மேலும் ஊறி நோவைப் பெருக்கும். காய்ச்சலும் ஓரிடத்திற் சிவந்த கன்றலும் கண்டால் மருத்துவரை நாடவேண்டும். அப்போதும் பாலூட்டலை நிறுத்துதல் கூடாது.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் காலையில் கடல் எழுந்து வந்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோரக் குடியிருப்புகள் அழிந்தன. வீடுகள் மட்டுமா அழிந்தன? மகளுக்குப் பக்கத்தில் தாய், தாய்க்குப் பக்கத்தில் மூத்தம்மா என்ற அந்த அணிவகுப்பே சிதைந்தது. பள்ளிக்கூடங்களிலும் பள்ளிவாசல்களிலும் இளந்தாய்மார் கைக்குழந்தைகளுடன் தஞ்சம் புகுந்தனர். பேரச்சம் தாயின் பாலை வற்றச் செய்துவிடும் என்பது எங்குமுள்ள நம்பிக்கை. அது எவ்வளவு உண்மை?

விடை 1948ஆம் ஆண்டிலேயே கிடைத்திருந்தது. அமெரிக்காவில் நைல்ஸ் நியூட்டனும் மைக்கேல் நியூட்டனும் பாலூட்டும் தாய் ஒருவருக்கு வேண்டுமென்றே இடையூறு விளைவித்து, குழந்தை குடித்த பாலை நிறுத்துப் பார்த்தனர். அமைதியான வேளையில் 168 கிராம் குடித்த குழந்தைக்கு இடையூற்றின்போது 99 கிராமே கிடைத்தது. அதே இடையூற்றின் நடுவே ஒக்சிற்றோசின் ஊசி ஏற்றியபோது 153 கிராம் கிடைத்தது. ஆகவே பால் வற்றவில்லை, வெளிவரத் தயங்கிற்று. ஆறுதலும் அரவணைப்பும் கிடைத்து, குழந்தை தொடர்ந்து சுவைக்குமாயின் பால் மீளும். தூய நீரில்லாத முகாமிற் பால்மாவைக் கரைத்துக் கொடுப்பதோ வயிற்றோட்டத்துக்கு வாயில் திறப்பதாகும். சிங்கப்பூரில் 1939ஆம் ஆண்டிலேயே மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், தகரப்பாலைக் குழந்தை உணவென விற்பதைக் கொலைக்கு ஒப்பிட்டுப் பேசினார்.

கடலுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரின் நிலை சொல்லுந்தரமன்று. குழந்தை இல்லையென்பதை மார்பு உடனே அறிவதில்லை. பால் கட்டத்தான் செய்யும். இத்தகைய தாய்மாருக்குத் தமிழ்நாட்டில் மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டும் வழக்கம் உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அதனை மருந்தொன்றுடன் ஒப்பிட்டு ஆராய்ந்து, பாலைக் குறைப்பதில் மல்லிகைக்கும் ஆற்றலுண்டென 1988இல் வெளியிட்டனர். பாலூட்ட விரும்பும் தாய் அதனைத் தவிர்த்தல் வேண்டுமென்பதும் இதனாற் பெறப்படும்.

இலங்கையில் 1926ஆம் ஆண்டு களுத்துறையிற் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவி, வீடு தேடிவரும் மருத்துவமாதரைத் தந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 1981ஆம் ஆண்டு விதிக்கோவையைத் தழுவி, பால்மா விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் விதிக்கோவை 1983இல் இங்கும் நடைமுறைக்கு வந்தது. முதல் ஆறு மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே பெறும் குழந்தைகள் நூற்றுக்கு 82 பேர் என 2016ஆம் ஆண்டு தேசிய ஆய்வு காட்டிற்று. திருக்குர்ஆன் பாலூட்டலை நிறைவாக்க விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகளைக் குறிப்பதைக் கரையோர முஸ்லிம் மக்கள் நன்கறிவர்.

ஆயினும் இரண்டாண்டின் பயணம் அந்த மூன்றாம் நாளிலேயே பெரிதும் தீர்மானமாகின்றது. கனத்து வலிக்கும் மார்போடு தவிக்கும் இளந்தாயின் அருகே, "பாலில்லை" என்று சொல்பவர் இருப்பதா, "பால் வந்துவிட்டது மகள், பிள்ளையைப் பிடி" என்று சொல்பவர் இருப்பதா என்பதே கேள்வி. கடல் கொண்ட வீடுகளுக்கு ஈடாகப் புதிய வீடுகள் எழுந்துள்ளன. அவற்றிலும் அந்தக் குரல் ஒலிக்க வேண்டும்.