மலைப் பொந்திலிருந்து மரப்பெட்டிக்கு



ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு, ஆண்டின் தொடக்கத்தில் வரும் இலையுதிர் காலத்தைப் பற்றி நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காடு மொட்டையாகும். பால் குறையும். பால் குறைந்தால் கையில் வருகிற சம்பளமும் குறையும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் விட்டு, மெல்ல மெல்லப் பச்சையாகும். அந்த இளம் இலையின் காம்பைப் பறித்துப் பார்த்தால், மூன்று இலைகளும் பிரிகின்ற இடத்தில் பிசுபிசுப்பாக ஒரு நீர் ஊறியிருக்கும். அதை எறும்பு மொய்க்கும். சிறுவர்களாக இருந்தபோது நாங்கள் அதை நாக்கில் தொட்டுப் பார்த்திருக்கிறோம், இனிக்கும். பூவில் அல்லாமல் இலைக்காம்பில் ஊறும் இந்த இனிப்பைக் கொண்டு, தமிழகத்தின் தென்கோடியில் ஏழைக் குடும்பங்கள் பல பிழைத்த வரலாறு ஒன்று உண்டு. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரப் பகுதியில் இருக்கிறது மார்த்தாண்டம். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணைவதற்கு முன்னால், இது திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்திருந்தது. இதற்கு மேலே உள்ள மலைகளில் காணிக்காரர் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். தேன் எடுப்பது அவர்களுடைய பழைய தொழில்களுள் ஒன்று.

மலையிலே தேனீக்கள் பல வகை. உயர்ந்த பாறையிலும் நெடுமரத்திலும் ஒற்றை அடையாக, திறந்த வெளியில் கூடு கட்டுவது மலைத்தேனீ. நம்முடைய கெடா மாநிலக் காடுகளில் துவாலாங் மரத்தின் உச்சியிலே தொங்குவதும் இதே இனந்தான். இது பொல்லாதது, பருவத்துக்குப் பருவம் இடம் மாறுவது. இதைப் பிடித்துப் பெட்டிக்குள் வைப்பது நடக்கிற காரியமல்ல. மற்றொன்று, பாறை இடுக்கிலும் மரப்பொந்திலும் இருட்டுக்குள்ளே அடுக்கடுக்காக அடை கட்டும் தேனீ. இதை அடுக்குத் தேனீ என்பார்கள். இருட்டான இடம் கிடைத்தால் அங்கேயே தங்கிவிடும் குணம் இதற்கு இருக்கிறது. மலையை விட்டு இறங்கி மனிதனோடு குடியிருக்க வந்தது இதுதான்.

பழைய முறையில் தேன் எடுப்பது எப்படி? புகை போட்டு ஈயை விரட்டுவார்கள். அடையை அறுத்துக் கையால் பிழிவார்கள். தேனோடு புழுவின் சாறும் மெழுகுத் துணுக்கும் மகரந்தமும் கலந்து வரும். அப்படிப்பட்ட தேன் சீக்கிரம் புளித்துப் போகும். வாங்குகிறவன் விலையைக் குறைக்க அதுவே போதுமான சாக்கு. கூடும் அழிந்துவிடும். ஒரு கிலோ மெழுகு சுரக்க, தேனீக்கள் ஆறு கிலோவுக்குக் குறையாத தேனைத் தின்ன வேண்டும் என்பார்கள். ஆகவே அடையை அழித்தவன் அடுத்த தேனையும் சேர்த்து அழித்தவன் ஆகிறான்.

இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவில் இருந்த லாங்ஸ்ட்ராத் என்னும் பாதிரியார். தேனீக்கள் அடைகளுக்கு இடையே நடமாடுவதற்கு அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு அளவுள்ள சந்து விடுகின்றன என்பதையும், அந்தச் சந்தை அவை அடைக்காமல் வைத்திருக்கின்றன என்பதையும் 1851இல் அவர் கண்டார். அந்த அளவை வைத்துப் பெட்டிக்குள் மரச்சட்டங்களைத் தொங்கவிட்டால், அவற்றில் தேனீ அடை கட்டும்; சட்டத்தை வெளியே எடுக்கலாம், திரும்பவும் வைக்கலாம். இயந்திரத்தில் வைத்துச் சுழற்றினால் தேன் மட்டும் தெறித்து வந்துவிடும், அடை சேதமாகாது. ஆனால் அந்தப் பெட்டி ஐரோப்பியத் தேனீக்கு உரியது. அடுக்குத் தேனீ அதைவிடச் சிறியது. திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் பாதிரியார் என்பவர் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதற்கேற்ற சிறிய பெட்டியைச் செய்து பலருக்குப் பழக்கினார். நியூட்டன் பெட்டி என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

பெட்டி வந்துவிட்டால் போதுமா? போதாது. தேனை யார் வாங்குவது, எந்த விலைக்கு வாங்குவது? 1920களில் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் சார்பில் மார்த்தாண்டத்தில் கிராமச் சீரமைப்பு நிலையம் நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச் என்னும் அமெரிக்கர், இந்தக் கேள்வியை விட்டுவிடவில்லை. கோழி முட்டையானாலும் பனைவெல்லமானாலும் தேனானாலும், தரம் பார்த்துச் சேர்ந்து விற்க வேண்டும் என்பது அவருடைய வழி. தனியாக ஒரு குப்பித் தேனோடு சந்தைக்குப் போகிறவன், வியாபாரி சொன்ன விலைக்குத்தான் கொடுத்துவிட்டு வரவேண்டும். நூறு பேருடைய தேனை வடிகட்டி, பக்குவமாகச் சூடேற்றி, ஒரே பெயரில் அடைத்து வைத்திருக்கும் இடத்துக்கு வியாபாரியே தேடி வருவான். 1937இல் அங்கே தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது.

ரப்பர்ப் பயிர் அந்த மாவட்டத்தில் பரவப் பரவ, தேன் வரவும் பெருகிற்று. தளிர்க்கும் பருவத்தில், இரவு நேரத்தில் பெட்டியின் வாசலை அடைத்து வண்டியில் ஏற்றி, ரப்பர்க் காட்டுக்குள் கொண்டு போய் வைப்பார்கள். பால் குறைகிற மாதங்கள் அங்கே தேன் பெருகுகிற மாதங்கள்! நல்ல பெட்டி ஒன்றிலிருந்து பருவத்தில் ஏறத்தாழ பத்துக் கிலோ வரை கிடைக்கும். மழைக்காலத்தில் தேனீக்கு இரை இல்லாதபோது சர்க்கரைப் பாகு காய்ச்சி வைப்பார்கள். ரப்பர்த் தேன் சீக்கிரம் உறைந்து பொடிபோல் ஆகும். அதைக் கண்டு 'சீனி கலந்திருக்கிறது' என்று சண்டை பிடிப்பவர்கள் உண்டு. உறைவது தேனின் இயல்பு. எறும்பை விட்டும் காகிதத்தில் ஊற்றியும் சோதிக்கும் சோதனைகளும் நம்பத்தக்கவை அல்ல.

இப்படி இருக்கையில் 1991ஆம் ஆண்டு ஒரு நோய் வந்தது. தேனீப் புழுக்கள் பை போல ஊதி, உள்ளே நீர் கோத்துச் செத்தன. தாய்லாந்தில் முதலில் கண்டறியப்பட்ட நச்சுயிரி அது. கேரளத்திலும் தமிழகத்தின் தென்பகுதியிலும், அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் அழிந்தன. அதற்கு மருந்து கிடையாது. தலைமுறையாக இத்தொழிலை நம்பி இருந்தவர்கள், வெறும் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிலர் தொழிலை விட்டே போனார்கள். சிலர் இத்தாலியத் தேனீக்கு மாறினார்கள். வேறு சிலர் பொறுமையாகத் தேடினார்கள். நோய் வந்தும் சாகாமல் தப்பிய கூட்டங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. அவற்றைப் பிரித்து, மறுபடியும் பிரித்து, ஆண்டுக்கணக்கில் பாடுபட்டுப் பெருக்கினார்கள்.

மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் இந்திய அரசின் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்த் தேனை அந்தப் பெயரில் விற்க இனிச் சட்டம் இடம் தராது. இன்றும் ரப்பர் தளிர்க்கத் தொடங்கினால், அந்த ஊர் வீட்டு முற்றங்களில் அந்தி சாய்ந்த பிறகு பெட்டிகளின் வாசலை அடைக்கும் வேலை நடக்கிறது; விடிவதற்குள் தோட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே!