லேடி ஹார்பர்டனின் கால்சட்டை

லண்டன்லேர்ந்து தென்மேற்கே சைக்கிள் மிதிச்சா, சர்ரேயில ரிப்ளின்னு ஒரு கிராமம் வரும். 1880, 90கள்ல வாரக்கடைசியானா சைக்கிள்காரங்க படையெடுத்த ரோடு இது. அங்கிருந்த 'ஆங்கர்' விடுதிதான் அவங்களுக்குக் கோயில். அதெல்லாம் தெரிஞ்ச கதை, விடுங்க. எனக்குப் பிடிச்சது பக்கத்து ஓக்கம் கிராமத்துல நடந்த கூத்து.

1898 அக்டோபர். லேடி ஹார்பர்டன் சைக்கிள்ல வந்து 'ஹோபாய்' விடுதியில மதியச் சாப்பாடு கேட்டாங்க. 1881லயே பெண்கள் உடைச் சீர்திருத்தத்துக்குச் சங்கம் வச்ச அம்மா! போட்டிருந்தது தொளதொள கால்சட்டை. நீளப் பாவாடை செயின்ல சிக்கினா ஆளையே கவுத்துடுமே. விடுதிக்காரம்மா ஸ்பிரேக் (அவரும் பெண்தான், பாருங்க) இந்த உடுப்போட காபி அறைக்குள்ள விடமாட்டேன்னுட்டாங்க. வேணும்னா ஆம்பளைங்க குடிக்கிற பார் அறையில உக்காந்து சாப்பிடலாமாம்.

சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப் சும்மா விடலை. வழிப்போக்கருக்கு விடுதிக்காரர் காரணமில்லாம சாப்பாடு மறுக்கக்கூடாதுங்கிறது அங்க பழைய சட்டம். அதை வச்சு வழக்கு. 1899ல கிங்ஸ்டன்ல விசாரணை. சாப்பாட்டை மறுக்கலையே, வேற அறையிலதானே தர்றேன்னாங்கன்னு எதிர்த்தரப்பு வாதம். ஜூரியும் குற்றமில்லைன்னுடுச்சு. சட்டப்படி சரியா இருக்கலாம். ஆனா அந்த வழக்கே எந்த அறைங்கிறதைப் பத்தினதுதானே? எனக்கு இன்னும் ஆறலை.