ரோலிங் ஸ்டோன் இதழின் முன்னட்டை

ரோலிங் ஸ்டோன் அமெரிக்க இசை இதழ். யான் வென்னரும் ரால்ஃப் ஜே. கிளீசனும் சேர்ந்து சான் பிரான்சிஸ்கோவில் இதைத் தொடங்கினார்கள். முதல் இதழின் தேதி 1967 நவம்பர் 9, விலை 25 சென்ட். இசை இதழ்களின் அட்டை வடிவமைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இதழைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். அதன் அட்டைகள் எல்லாமே சிறந்தவை என்று சொல்ல முடியாது. பல அட்டைகள் அழகான முகம் ஒன்றை நடுவில் வைத்ததோடு நின்றுவிட்டவை. ஆனால் அட்டையை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்விக்கு இந்த இதழின் வரலாறு தெளிவான விடை தருகிறது. வடிவமைப்பாளருக்கு அதில் பங்கு உண்டு. காகிதம், அச்சு இயந்திரம், விற்பனைக் கடை, படத்தில் இருப்பவர் ஆகிய எல்லாவற்றுக்கும் அதே அளவு பங்கு உண்டு.

காகிதமும் அளவும்

முதல் இதழின் முகப்பு இன்றைய பொருளில் அட்டையே அல்ல. செய்தித்தாளின் முதல் பக்கம் போல, ஒரு படமும் அதைச் சுற்றிச் செய்திகளுமாக இருந்தது. படத்தில் இராணுவத் தலைக்கவசம் அணிந்த ஜான் லெனன். ரிச்சர்ட் லெஸ்டர் இயக்கிய ‘ஹவ் ஐ வன் தி வார்’ திரைப்படத்தின் காட்சிப் படம் அது. புதிய இதழ் ஒன்று கையில் கிடைத்த விளம்பரப் படத்தை வைத்துக்கொண்டு வெளிவந்தது என்பதே உண்மை.

1972 வரை இதழ் மடித்த செய்தித்தாள் வடிவில், பின் அடிக்காமல் வந்தது. கறுப்பு மையோடு ஒரே ஒரு கூடுதல் நிறம். அந்த நிறம் இதழுக்கு இதழ் மாறும். கூடுதல் நிறம் ஒவ்வொன்றுக்கும் தனித் தகடும் தனிச் செலவும் வேண்டும் என்பதால் சிறு பத்திரிகைகள் எல்லாம் அந்நாளில் கையாண்ட வழிதான் இது. 1973இல் நான்கு வண்ண அச்சு வந்தது. 1980இல் பளபளப்பான தாளில், 10 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் கொண்ட பெரிய இதழாக மாறியது. 2008 அக்டோபர் 30 இதழிலிருந்து வழக்கமான சிறிய அளவுக்கு இறங்கியது. பராக் ஒபாமாவின் படம் வந்த இதழ் அது. 2018 ஜூலையில் மாத இதழானபோது பழைய பெரிய அளவுக்கே திரும்பியது.

1973க்கும் 1980க்கும் இடையில் இருந்த ஏழாண்டுகள்தான் வடிவமைப்பாளர்களுக்கு முக்கியமானவை. அப்போது நான்கு வண்ணமும் செய்தித்தாள் காகிதத்தில் அச்சாயிற்று. அந்தக் காகிதம் மையை உறிஞ்சிவிடும். மென்மையான நிழல்கள் கலங்கிப்போகும், மெல்லிய நிறவேறுபாடுகள் மறைந்துவிடும். 1970இல் சேர்ந்து 1973இல் தலைமைப் புகைப்படக்காரரான ஆனி லீபோவிட்ஸ், தம் படங்கள் சுவரொட்டி போல அழுத்தமான நிறங்களோடும் எளிய உருவங்களோடும் அமைந்ததற்கு அந்த அச்சுக் காகிதத்தையே காரணமாகச் சொல்லியிருக்கிறார். 1979இல் வந்த அவருடைய இரண்டு அட்டைகளைப் பார்த்தால் இது புரியும். ஒன்றில் ‘புளூஸ் பிரதர்ஸ்’ இணையரின் முகம் முழுவதும் நீலச் சாயம். மற்றொன்றில் ரோஜாப் பூக்களின் நடுவே படுத்திருக்கும் பெட் மிட்லர். ஒரு நிறம், ஒரு கருத்து. இரண்டையும் எட்டடி தூரத்தில் நின்றே படித்துவிடலாம். நல்ல தாள் கிடைத்த பிறகும் இதழ் அந்தப் பாணியை விடவில்லை.

பெயரெழுத்து

இதழின் பெயரை வரைந்தவர் ரிக் கிரிஃபின். சான் பிரான்சிஸ்கோவின் சைக்கடெலிக் இசை நிகழ்ச்சிச் சுவரொட்டிகளால் அறியப்பட்டவர். அவர் தந்தது முடிந்த ஓவியம்கூட அல்ல, முன்வரைவு; அதை மெருகேற்றும் முன்பே வென்னர் அச்சுக்கு அனுப்பிவிட்டார். பின்னர் வந்த மாற்றங்கள் எல்லாம் அந்தச் சுழியையும் நிழலையும் திருத்தியவையே. எழுத்துரு வடிவமைப்பாளர் ஜிம் பார்க்கின்சன் 1977இல் பத்தாம் ஆண்டு இதழுக்காக ஒருமுறையும் 1981இல் மறுமுறையும் அதை வரைந்தார்.

பெயர் அட்டையின் உச்சியில் இருப்பதற்குக் காரணம் கடைத் தட்டு. அடுக்கடுக்காகச் செருகி வைக்கப்பட்ட இதழ்களில் மேல்விளிம்பு மட்டுமே வெளியே தெரியும். புதிய இதழ் தன் பெயரின் ஒரு எழுத்தைக்கூட மறைக்கத் துணியாது. ரோலிங் ஸ்டோனில் பாடகரின் தலை இரண்டு மூன்று எழுத்துகளை விழுங்கினாலும் வாசகர் இதழை அடையாளம் கண்டுகொள்வார். இசை இதழ் அட்டைகளில் தலை பெயரெழுத்தின் மீது ஏறி நிற்கும் வழக்கம் இன்று எங்கும் உண்டு. பழக்கமான பெயருக்கு மட்டுமே கட்டுப்படியாகும் உத்தி அது என்பதைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை.

படமும் பேரமும்

அட்டையில் இடம்பெறுவது இசைக்கலைஞர்களுக்குப் பெரும் கௌரவமாக மாறியது. 1972இல் ‘டாக்டர் ஹூக்’ குழு அந்த ஆசையைக் கேலி செய்து ஒரு பாட்டே வெளியிட்டது. எழுதியவர் ஷெல் சில்வர்ஸ்டீன். 1973 மார்ச் 29 இதழ் அவர்களை அட்டைக்கு ஏற்றியது. ஆனால் புகைப்படமாக அல்ல, கேலிச்சித்திரமாக. குழுவின் பெயரையும் போடாமல், பெயர் மறந்துபோனவர்களைப் பற்றிச் சொல்வதுபோல ஒரு வரியை அச்சிட்டது. இதழ் அடித்த நல்ல பதில்களில் இதுவும் ஒன்று.

சில நேரம் எதிர்த்தரப்பு வென்றது. 1992 ஏப்ரல் 16 இதழுக்காக மார்க் செலிகர் எடுத்த ‘நிர்வாணா’ குழுவின் படத்தில் கர்ட் கோபேன் அணிந்திருந்த பனியனில், பெருநிறுவனப் பத்திரிகைகள் இன்னும் மோசம்தான் என்ற பொருளில் கையால் எழுதியிருந்தது. இதழ் அந்தப் படத்தையே அட்டையாக்கியது. தன்னைத் திட்டும் வாசகத்தையும் விற்பனைச் சரக்காக்கும் சாமர்த்தியம் வென்னருக்கு இருந்தது.

இந்தப் பேரத்தின் உச்சம் 1980 டிசம்பர் 8 அன்று நியூயார்க்கில் நடந்தது. லெனனை மட்டும் தனியாகப் படமெடுத்து வரவேண்டும் என்பது இதழின் விருப்பம். மனைவி யோகோ ஓனோவும் இருக்கவேண்டும் என்று லெனன் பிடிவாதமாக நின்றார். டகோட்டா கட்டடத்தில் அவர்கள் வீட்டில் லீபோவிட்ஸ் எடுத்த படத்தில், முழு உடையோடு படுத்திருக்கும் ஓனோவை உடையில்லாமல் கட்டிக்கொண்டு கிடக்கிறார் லெனன். சில மணி நேரத்தில் அதே கட்டடத்தின் வாசலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1981 ஜனவரி 22 தேதியிட்ட 335ஆம் இதழில் அந்தப் படம், பெயரெழுத்துக்குக் கீழே ஒரு தலைப்பு வரிகூட இல்லாமல் வந்தது. அமெரிக்க இதழாசிரியர் சங்கம் 2005இல், கடந்த 40 ஆண்டுகளின் சிறந்த அட்டையாக இதைத் தேர்ந்தெடுத்தது. இறப்பு அதற்கு ஏற்றிவிட்ட கனத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், சொல்லைக் கைவிடத் துணிந்ததே இந்த அட்டையின் வடிவமைப்பு முடிவு என்று சொல்லலாம்.

அட்டை வரிகள்

வரிகள் இல்லாத அட்டை விதிவிலக்கு. வழக்கமான இதழில் படத்தில் இருப்பவரின் பெயர் பெரிய எழுத்தில், மற்றக் கட்டுரைகள் ஓரங்களில் சிறிய எழுத்தில் வரும். 1979 முதல் பார்கோடும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டது. சந்தாதாரருக்குப் போகும் பிரதியில் வரிகளைக் குறைத்து, கடைக்குப் போகும் பிரதியில் கூட்டி அச்சிடும் வழக்கம் இதழ்த் துறையில் உண்டு. ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவரிடம் அட்டை கூவி விற்க வேண்டியதில்லை. 2006 மே மாதம் வந்த 1000ஆவது இதழ் மட்டும் செலவு பாராமல், பீட்டில்ஸின் ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ்’ இசைத்தட்டு உறையின் பாணியில், பார்க்கும் கோணத்துக்கேற்ப ஆழம் காட்டும் முப்பரிமாண அட்டையோடு வந்தது. வேடிக்கைப் பொருளாக நன்றாக இருந்தது. யாரும் அதைப் பின்பற்றவில்லை.

2013இன் சர்ச்சை

2013 ஆகஸ்ட் 1 இதழின் அட்டையில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பில் கைதான ஜோகர் சார்நாயெவின் படம் வந்தது. அவர் தாமே எடுத்துக்கொண்ட படம் அது. சில மாதங்களுக்கு முன் நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் வந்தபோது யாரும் கண்டிக்கவில்லை. கலைந்த சுருள் முடியும் நேரான பார்வையும் கொண்ட அதே முகம், பாடகர்கள் இடம்பிடிக்கும் அந்தச் சட்டகத்துக்குள் வந்ததும் ராக் நட்சத்திரம் போலத் தெரிந்தது. வெடிகுண்டுக்காரன் என்று அட்டை வரி சொல்லியும் பயனில்லை. சிவிஎஸ், வால்கிரீன்ஸ் உள்ளிட்ட கடைத்தொடர்கள் விற்க மறுத்தன. பாஸ்டன் மேயர் கண்டனக் கடிதம் எழுதினார். விற்க முன்வந்த கடைகளில் அந்த இதழின் விற்பனை வழக்கத்தைவிட ஏறக்குறைய இருமடங்கானதாக வர்த்தக இதழ்கள் செய்தி வெளியிட்டன.